முத்திரை சொல்லும் ஊர்



உலகத்தின் பழைய தபால் முத்திரைகளைச் சேகரிப்பது பற்றிக் கூரத்தில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஸ்டாம்பு சேகரிப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த ஸ்டாம்பின் மேல் விழுகிற கறுப்பு வட்டத்தைச் சேகரிக்கிறவர்கள் குறைவு. பலருக்கு அது ஸ்டாம்பின் அழகைக் கெடுக்கிற கறை. நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் கறையைப் போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் அதன் பக்கம் நின்று பேசப்போகிறேன்.

ஸ்டாம்பு அரசாங்கத்துடையது. நாசிக்கில் அச்சாகி நாடெங்கும் போகிறது. கன்னியாகுமரியில் ஒட்டினாலும் காஷ்மீரில் ஒட்டினாலும் அதே ஸ்டாம்புதான். முத்திரையோ ஊருடையது. எந்த ஊரில், எந்தத் தேதியில், சில சமயம் எந்த வேளையில் அந்தக் கடிதம் ஒருவர் கையில் இருந்தது என்று சொல்வது அது ஒன்றுதான். நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்: முத்திரை ஒரு சாட்சி. சாட்சியைக் கூண்டோடு கொண்டுவர வேண்டும். நாக்கை மட்டும் அறுத்துக்கொண்டு வரக்கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

முத்திரை பிறந்ததே ஒரு சந்தேகத்தில். 1661-இல் இங்கிலாந்தில் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்தவர் ஹென்றி பிஷப். கடிதங்கள் தாமதமாகப் போய்ச் சேருகின்றன என்று புகார் மேல் புகார். நடுவில் ஆட்கள் கடிதத்தைப் போட்டு வைத்துவிடுகிறார்கள் என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். பிஷப் ஒரு சின்ன வட்ட அச்சைச் செய்யச் சொன்னார். வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. ஒரு பாதியில் மாதத்துக்கு இரண்டெழுத்து, மறு பாதியில் தேதி. கடிதம் ஆபீசுக்கு வந்த நாள் அதன் மேலேயே பதிந்துவிடும். பிறகு யார் தாமதித்தார்கள் என்பதை மறைக்க முடியாது. அதில் வருஷம் கிடையாது. இரண்டு மூன்று நாளில் போய்ச் சேரவேண்டிய கடிதத்துக்கு வருஷம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். இன்றைக்கு அப்படி ஒரு முத்திரை கிடைத்தால், வருஷத்தை உள்ளே இருக்கும் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதத்தைத் தொலைத்துவிட்டு வட்டத்தை மட்டும் வைத்திருக்கிறவருக்கு அந்த வழியும் இல்லை.

நம் பக்கம் பொதுமக்களுக்கான தபால் 1786 ஜூன் 1-ஆம் தேதி சென்னைக் கோட்டையில் தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் கடலைப் பார்த்து நிற்கும் சிவப்புக் கட்டடத்துக்கு ஜி.பி.ஓ. குடிபோனது 1884-இல்தான். தொடக்க காலத்தில் ஸ்டாம்பு கிடையாது. தூரத்துக்கும் எடைக்கும் தக்கபடி கட்டணம். அனுப்புகிறவர் கட்டலாம், பெறுகிறவரும் கட்டலாம். எனவே முத்திரைக்கு அப்போது தேதி சொல்வது மட்டும் வேலை அல்ல. காசு வந்துவிட்டதா, இனிமேல்தான் வாங்க வேண்டுமா என்றும் சொல்ல வேண்டும். கட்டியதற்குப் பெரும்பாலும் சிவப்பு மை, கட்டாததற்குக் கறுப்பு. பேரிங் கடிதம் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த ‘பேரிங்’, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து முத்திரையில் இருந்த சொல்தான். இரட்டைக் கட்டணம் கேட்பார்கள் என்று பயந்து, தபால்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்து, எழுதினது யார் என்று கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பியனுப்பிய வீடுகள் உண்டு.

கடல் தாண்டிய கடிதங்களின் கதை இதைவிடப் பெரிது. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் போக நாலைந்து மாதம் ஆகும். இறங்கிய துறைமுகத்தில் ‘இந்தியா லெட்டர்’ என்று ஒரு முத்திரை, அதன் கீழே துறைமுகத்தின் பெயர். தாமஸ் வாக்ஹார்ன் என்ற ஆங்கிலேயர் 1830-களில் எகிப்து வழியாகத் தரைமார்க்கத்தில் கடிதம் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். சூயஸில் கப்பலை விட்டிறங்கி, பாலைவனத்தை ஒட்டகத்தில் தாண்டி, அலெக்சாண்ட்ரியாவில் வேறு கப்பல். மாதக்கணக்கு வாரக்கணக்காகச் சுருங்கியது. அவர் பெயரையே முத்திரையாகக் குத்திய கடிதங்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே வரியில் வருகிற இந்த மாற்றத்தை, ஒரு குடும்பத்தின் கடிதக்கட்டில் முன்பக்கத் தேதியையும் பின்பக்கத் தேதியையும் கழித்துப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடலாம். கணக்கு வாத்தியார்கள் இதை வகுப்பில் செய்து பார்க்கலாம்.

1840-இல் இங்கிலாந்தில் ஸ்டாம்பு வந்ததும் முத்திரைக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. ஒருமுறை ஒட்டியதை மறுபடி ஒட்டாதபடி அதைச் செல்லாததாக்க வேண்டும். முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் கறுப்பு நிறம். அதன் மேல் சிவப்பு மையில் சிலுவை போன்ற முத்திரை. ஜனங்கள் கெட்டிக்காரர்கள். சிவப்பு மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டினார்கள். மறு வருஷமே அரசாங்கம் தலைகீழாக மாற்றியது: ஸ்டாம்பு சிவப்பு, முத்திரை மை கறுப்பு. உலகம் முழுக்க முத்திரை மை இன்றும் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு அந்தக் கழுவின காரியமும் ஒரு காரணம்.

இந்தியா முழுமைக்குமான ஸ்டாம்பு 1854 அக்டோபரில் வந்தது. கால் தோலா எடைக்கு அரையணா; எவ்வளவு தூரமானாலும் அதே அரையணா. அதையடுத்து ஒவ்வொரு தபாலாபீசுக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைக் கொண்ட முத்திரையால் ஸ்டாம்பை அடிக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா எல்லாம் கல்கத்தாவின் நிர்வாகத்தில் இருந்தன. 1867 வரை அங்கே ஒட்டியது இந்திய ஸ்டாம்புதான். ஆகவே இந்திய ஸ்டாம்பின் மேல் ‘பி 172’ என்று இருந்தால் அது சிங்கப்பூர். ‘பி 147’ பினாங்கு. ஸ்டாம்பை மட்டும் பார்க்கிறவருக்கு அது சாதாரண விக்டோரியா ராணி. எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது கடல் கடந்தது. ரங்கூன், ஏடன், மஸ்கட், பாக்தாத், சான்சிபார் என்று இந்தியத் தபாலாபீசுகள் இருந்த இடங்களை வரிசையாக எழுதினால் ஒரு சாம்ராஜ்யத்தின் வரைபடமே வரும். பம்பாயைச் சேர்ந்த ஜால் கூப்பர் இதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு புத்தகம் எழுதினார்.

உலகத்து முத்திரைகளைத் தேடி நாம் லண்டன் ஏலக்கடைக்குப் போக வேண்டியதில்லை. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போனால் போதும். நகரத்தார் கடிதங்கள் என்று தனி இனமாகவே உலகச் சேகரிப்பாளர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், பினாங்குத் தெருவிலும், ரங்கூன் மொகல் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளிலிருந்து, அதாவது நகரத்தாரின் கடைவீடுகளிலிருந்து, வாரந்தோறும் ஊருக்குப் போன கணக்குக் கடிதங்கள் அவை. உறை மேல் விலாசம் தமிழில். கடையின் முதலெழுத்துகள் தமிழில். தபாலாபீஸ் பெயர் மட்டும், அங்குள்ள குமாஸ்தா படிக்க வேண்டுமே என்று, ஆங்கிலத்தில்.

சைகோனிலிருந்து வந்த ஓர் உறையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பிரெஞ்சு இந்தோசீன ஸ்டாம்பு, அதன் மேல் ‘சைகோன் சென்ட்ரல், கொச்சின்சீன்’ என்று பிரெஞ்சு முத்திரை. சிங்கப்பூர் வழியாக வந்திருந்தால் பின்பக்கம் அந்த ஊர் முத்திரை. பிறகு இந்தியக் கரையில் ஒன்று, கடைசியில் செட்டிநாட்டு ஊரின் சின்ன வட்டம். பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன், இந்தியத் தபால் இலாகா ஆகிய மூன்று நிர்வாகமும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. உள்ளே இருப்பதோ வட்டிக் கணக்கும், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினேன் என்பதும். கடல் மேலே கப்பல் பெட்டியில் போட்ட கடிதத்துக்கு ‘பாக்கெபோ’ என்று ஒரு முத்திரை உண்டு. பிரெஞ்சு வார்த்தைதான், சர்வதேசத் தபால் உடன்பாட்டின்படி எல்லா நாடும் அதையே பயன்படுத்தின. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’ கப்பலை இங்குள்ள பெரியவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். 1926-இல் ஓடத் தொடங்கியது; 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அது மனிதரை மட்டுமல்ல, தபால் பைகளையும் சுமந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது, மார்ச்சில் ரங்கூன். இங்கிருந்து அங்கே போட்ட கடிதங்கள் ‘போக்குவரத்து நிறுத்தம்’ என்ற முத்திரையோடு திரும்பின. சென்சார் பிரித்துப் பார்த்து ஒட்டிய காகிதப் பட்டையும் சேர்ந்திருக்கும். ஒரு வீட்டுக் கடிதக்கட்டில் 1941 டிசம்பர் வரை வாரம் ஒன்று என்று இருந்துவிட்டு, அடுத்த முத்திரை 1945 கடைசியில் வருகிறது என்றால், இடையில் அந்த வீட்டுப் பெண்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை எந்தச் சரித்திர ஆசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆல்பங்கள் பணமும் படிப்பும் உள்ளவர்களுக்கே சாய்ந்தவை. அதே கப்பலின் மேல்தட்டில் ரப்பர் தோட்டத்துக்குப் போன கூலிகளும் இருந்தார்கள். மண்டபம் முகாமில் தங்கி, தடுப்பூசி போட்டுக்கொண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் கடிதம் எழுதியது குறைவு. அனுப்பியது மணியார்டர். அதன் படிவம் தபாலாபீசிலேயே நின்றுவிடும். வாங்கினவர் கைக்கு வருவது அடியில் கிழித்துக் கொடுக்கிற சின்னத் துண்டுதான். அதிலும் முத்திரை உண்டு. ஆனால் ஓலைக் கூரை வீட்டில் அந்தத் துண்டு எத்தனை மழைக்குத் தாங்கும்? தோட்டத்து ஊர் முத்திரையோடு ஒரு மணியார்டர் துண்டு எங்காவது கிடைத்தால், என்னைக் கேட்டால் அது பென்னி பிளாக்கை விட உயர்ந்தது. விலையில் அல்ல.

இனி தனுஷ்கோடி. 1914-இல் ரயிலும் கப்பலும் இணைந்து போட் மெயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, கொழும்புக்கும் சென்னைக்கும் இடையிலான தபால் அந்த மணல் முனை வழியாகத்தான் போயிற்று. 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து ஊரைக் கொண்டுபோயின. தபாலாபீசின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. போகிறவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊரின் பழைய முத்திரை விழுந்த கார்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் சோகம் ஒன்றும் இருக்காது. வழக்கம்போல ஒரு தேதி, ஊர்ப்பெயர், யாரோ ஒருவருடைய க்ஷேமம். முத்திரைக்கு நாளைக்கு நடக்கப்போவது தெரியாது. சேகரிப்பாளர்களை இழுப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

முத்திரை எப்படி விழுகிறது என்று பிள்ளைகள் கேட்கலாம். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை, சீலில் தேதி மாற்றுவது. நாள், மாதம், வருஷம் எல்லாம் தனித்தனிச் சின்ன எஃகுத் துண்டுகள். இடுக்கியால் எடுத்துக் கோத்து, திருகை இறுக்க வேண்டும். மாற்றியதும் முதல் அச்சை ஒரு நோட்டில் பதிந்து, போஸ்ட்மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைப் பதிவுப் புத்தகம் என்று அதற்குப் பெயர். தேதி தப்பாகப் போய்விட்டால் அந்த நோட்டுதான் காட்டிக் கொடுக்கும். பிறகு ரப்பர்த் தாளின் மேல் கடிதத்தை வைத்து, மைப்பட்டையில் ஒரு தட்டு, கடிதத்தில் ஒரு தட்டு. பழகின பேக்கர் அடிக்கிற ஓசையைக் கேட்டால் தவில் வாசிக்கிற மாதிரி இருக்கும். ரயிலில் ஓடிய ஆர்.எம்.எஸ். பெட்டியில் பிரித்த கடிதத்துக்கு ஊர்ப்பெயருக்குப் பதில் பிரிவின் எழுத்து இருக்கும். சென்னைக்கு ‘எம்’, திருச்சிக்கு ‘டி’. ஓடுகிற ரயிலுக்கு ஊர் ஏது?

கிராமங்களுக்குத் தபாலாபீஸ் வந்த விதமும் முத்திரையில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் புதிதாக ஒரு கிராமத்தில் தபாலாபீஸ் திறந்தால் அதைச் சோதனைக்காகத்தான் திறப்பார்கள். ஊர்ப்பெயர் போட்டு முத்திரை செய்து தரமாட்டார்கள், ‘எக்ஸ்பெரிமென்டல் பி.ஓ.’ என்றும் ஒரு எண்ணும் இருக்கும். வருமானம் தேறினால் ஊர்ப்பெயரோடு முத்திரை வரும். இல்லையென்றால் ஆபீசை எடுத்துவிட்டு அதே சீலை வேறு கிராமத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக, தன் பெயர் பொறித்த முத்திரை என்பது ஒரு கிராமம் சம்பாதித்துக்கொண்ட அந்தஸ்து. சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் இருந்த தபாலாபீசுகள் 23,344. இப்போது சுமார் 1,64,000. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அவற்றில் பத்தில் ஒன்பது கிராமத்தில் இருக்கின்றன.

சாட்சி என்று சொன்னேன். உங்கள் ஊருக்கு அதை விளக்கத் தேவையில்லை. பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகளைக் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஸ் 1890-இல் பதிப்பித்தார். கோயிலுக்குக் கொடுத்த நிலம், பாலாற்றிலிருந்து ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு கால்வாய், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. ஏட்டைக் கோத்த வளையத்தில் அரச முத்திரை இருந்தால்தான் அது அரசன் வாக்கு. தபால் முத்திரை போடுபவன் அரசன் அல்ல, மாதச் சம்பளக்காரன். ஆனாலும் கோர்ட்டில் அது நிற்கும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒருவர் தன் சம்மதத்தைத் தபாலில் சேர்த்த உடனேயே அது எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்திவிடும். கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்றைக்குத் தபாலில் சேர்த்தார் என்று வழக்கு வந்தால் முத்திரையைத்தான் பார்ப்பார்கள். வேலைக்கு மனுப் போட்டவர்களும் கடைசித் தேதிக்கு முதல் நாள் மாலையில் கவுன்ட்டரில் நின்றவர்களும் இதைச் சட்டம் படிக்காமலே அறிவார்கள்.

இனிச் சேகரிக்க விரும்புகிறவர்களுக்கு. உறையை வெட்டாதீர்கள். ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது எங்கள் தலைமுறையின் கெட்ட பழக்கம். அதனால் அழிந்த முத்திரைகளுக்குக் கணக்கில்லை. முத்திரை பாதி ஸ்டாம்பிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கும். பிரித்தால் இரண்டுமே ஊமை. பின்பக்கத்து முத்திரைகள் இல்லாமல் வழி தெரியாது. விலாசம் இல்லாமல் மனிதர் தெரியாது. செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். அரிய முத்திரை என்று யாராவது கொண்டுவந்தால், முதலில் அந்த ஸ்டாம்பு அந்தத் தேதியில் வெளியாகியிருந்ததா என்று பாருங்கள். போலிகளில் பாதி அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

விழாவுக்கென்று சிறப்பு முத்திரை போடுகிறார்களே, அதைப் பற்றியும் கேட்பார்கள். 1911 பிப்ரவரி 18-இல் அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பால் நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் விமானத்தில் சுமார் 6,500 கடிதங்களை எடுத்துப் போனார். உலகத்தில் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அதற்குத் தனி முத்திரை உண்டு, அழகானது. அது உண்மையில் ஒரு பயணத்தைச் செய்த கடிதத்தில் விழுந்தது. இப்போது மேடையில் வைத்து, எங்கும் போகாத உறையில் குத்தி, அங்கேயே கையில் வாங்கிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. பிறருக்கு இருக்கலாம், சென்னையில் 1956-இலிருந்து இயங்கும் தென்னிந்தியத் தபால்தலைச் சங்கத்தில் இதற்காக என்னோடு சண்டை போட ஆள் கிடைப்பார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் எங்கே தேடலாம்? ‘கான்ஜீவரம்’ என்ற எழுத்து உள்ள முத்திரை வெளியூரில் போய் விழுந்து கிடக்கிறது. ஏனென்றால் கடிதம் இங்கிருந்து புறப்பட்டது. ஆனால் உள்ளூரில் தேட ஓர் இடம் உண்டு. வி.பி.பி. முறை 1877-இல் வந்தது. பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்து, பணத்தை வாங்கித் தபாலாபீஸே அனுப்பி வைக்கும். பட்டுச் சேலை விற்பவருக்கு அதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன? துணியில் தைத்து, தையலின் மேல் அரக்கு உருக்கிக் கடை முத்திரை பதித்த பார்சல்களை நானே கைநீட்டி வாங்கியிருக்கிறேன். துணி போய்விட்டது, ஆனால் திரும்பி வந்த வி.பி. மணியார்டர் துண்டுகளைப் பழைய ஜவுளிக் கடைகள் கம்பியில் குத்தி வைத்திருக்கும். சேலை எந்தெந்த ஊருக்குப் போயிற்று என்பதற்கு அந்தக் கம்பிதான் ஆதாரம். கடையைப் புதுப்பிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான். இங்கே கடை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். உள்ளே எழுதியிருப்பதை நான் படிக்க மாட்டேன். முத்திரையைப் படமெடுத்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

2025-இல் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்ட்டரில் பார்கோடு ஒட்டினால் கடிதம் எங்கே இருக்கிறது என்று செல்போனிலேயே தெரிகிறது. ஹென்றி பிஷப் கேட்டதும் அதைத்தானே. சாதாரணக் கடிதத்தில், போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை இப்போது அரிதாகத்தான் விழுகிறது. பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கார்டு வாங்கி, உங்கள் விலாசத்தையே எழுதி, தேதி மாற்றின காலை வேளையில் உங்கள் பகுதித் தபாலாபீசுக்குப் போய், தெளிவாக ஒரு சீல் அடித்துத் தாருங்கள் என்று கேளுங்கள். புது மை போட்ட பட்டையில் முதல் அடி எப்போதும் அப்பிவிடும். அதை வேறு காகிதத்தில் அடிக்கச் சொல்லி, இரண்டாவதை உங்கள் கார்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.